கணினிக் கடிகாரத்துக்கு நாம் சொல்லித்தர வேண்டியவை

2015 ஜூன் 5, காலை மணி 7.15. சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில் நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6. கினபாலு மலையில் பாறைகள் சரிந்து உயிர்கள் பறிபோன அந்தக் காலையை உங்களில் பலர் செய்தியில் படித்திருப்பீர்கள்.

ஒரு நிலநடுக்கம் எங்கே தொடங்கியது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல ஊர்களில் அதிர்வு பதிவு நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முதல் அலை எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளும். அந்த நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு அலை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுவார்கள். முதலில் வரும் முதன்மை அலை பூமியின் மேலோட்டில் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் ஒரு நிலையத்தின் கடிகாரம் அரை விநாடி பிந்தியிருந்தால் அந்த நிலையம் தூரத்தை 6 × 0.5 = 3 கிலோமீட்டர் தவறாகச் சொல்லும். பூகம்பப் பிளவு ஊருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தேடும்போது 3 கிலோமீட்டர் சிறிய பிழை அல்ல.

இதைத் தவிர்க்க இத்தகைய நிலையங்களில் ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்றை வைத்திருப்பார்கள். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன, ஆகவே நேரம் துல்லியமாகக் கிடைத்துவிடும். சரிதானே? கணினியில் ஏற்பியைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வெறுமனே செருகிவிட்டு வேறொன்றும் சொல்லாமல் விட்டால், பல ஏற்பிகளில் கணினியின் நேரம் விநாடியின் கணிசமான ஒரு பங்கு பிந்திப்போகும். அணுக் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் உள்ள சில செய்திகளைக் கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் செய்திகளை எழுதிவைக்கும் இடம்தான் அமைவுக் கோப்பு. அதில் எதையெல்லாம் மனிதனிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை மென்பொருள் எழுதுபவர்கள் எவ்வாறு முடிவு செய்கிறார்கள்? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

படிகம் தடுமாறும்

எந்தக் கணினிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. அது மலிவு. நம்பகமும்கூட, ஆனால் ஓரளவுக்குத்தான். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளில், அதாவது 86,400 விநாடியில், 1.7 விநாடி தவறிவிடும். அறை வெப்பம் ஏறி இறங்கினால் பிசகும் மாறும். ஆகவே கணினி அடிக்கடி வெளியே யாரிடமாவது நேரம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கான விதிமுறையை அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்தார். என்.டி.பி. எனப்படும் இந்த இணைய நேர நெறிமுறையின் முதல் ஆவணம் 1985இல் வெளியானது. அதில் கடிகாரங்களுக்குப் படிநிலை உண்டு. அணுக் கடிகாரம், ஜி.பி.எஸ். ஏற்பி போன்ற கருவிகள் படிநிலை 0. இவற்றைத்தான் ஆதாரக் கடிகாரம் என்கிறோம். அதோடு நேரடியாகக் கம்பியால் இணைந்த கணினி படிநிலை 1. அந்தக் கணினியிடம் இணையம் வழியாகக் கேட்பது படிநிலை 2. உங்கள் மடிக்கணினி பெரும்பாலும் இன்னும் ஓரிரு படி கீழே நிற்கும். படிநிலை 1 தவறினால் கீழே உள்ள அத்தனை பேரும் தவறுவார்கள். ஆகவே ஆதாரக் கடிகாரத்தை அமைக்கும் சில வரிகளுக்கு அவ்வளவு பொறுப்பு.

புகையும் ஒலிபெருக்கியும்

பள்ளி விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஓட்டம். தொடக்கத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. முடிவுக் கோட்டில் நிற்கும் ஆசிரியர் புகையைக் கண்டதும் கடிகாரத்தை அழுத்துகிறார். புகை மிகத் துல்லியமான குறி, ஆனால் அது எந்த ஓட்டம் என்று சொல்லாது. "பதினாறு வயதுக்குக் கீழ், பெண்கள், இரண்டாம் சுற்று" என்று ஒலிபெருக்கி சொல்லும். அந்த அறிவிப்பு முடிய நேரமாகும், சில வேளை ஓட்டமே தொடங்கிவிட்டிருக்கும்.

ஜி.பி.எஸ். ஏற்பியும் கணினியிடம் இப்படி இரண்டு வழியில் பேசுகிறது. ஒன்று, எழுத்து வாக்கியம். மணி, நிமிடம், விநாடி, தேதி, இருப்பிடம் எல்லாவற்றையும் காற்புள்ளியால் பிரித்து ஒரு வரியாக அனுப்பும். இன்னொன்று, துடிப்பு. ஒரு தனிக் கம்பியில் விநாடிக்கு ஒரு முறை மின்னழுத்தம் சட்டென்று ஏறும். நேரத்துக்கென்றே செய்யப்பட்ட ஏற்பிகளில் அந்த ஏற்றம் உண்மையான விநாடித் தொடக்கத்திலிருந்து சில பத்து நானோ விநாடிக்குமேல் விலகாது. துடிப்புதான் புகை. வாக்கியம் ஒலிபெருக்கி.

வாக்கியம் ஏன் தாமதமாகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஏற்பிகள் விநாடிக்கு 4,800 பிட் வேகத்தில் அனுப்பும். ஓர் எழுத்துக்குத் தொடக்கப் பிட், முடிவுப் பிட் சேர்த்து 10 பிட். ஆக விநாடிக்கு 480 எழுத்து. ஒரு வாக்கியத்தின் உச்ச நீளம் 82 எழுத்து. எனவே அது வந்து முடிய 82 ÷ 480, அதாவது சுமார் 0.17 விநாடி. நேரம் சொல்லும் வாக்கியத்துக்கு முன்னால் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் ஏற்பி அனுப்பினால் இன்னும் தாமதம். அதற்கெல்லாம் முன்பு ஏற்பியின் உள்ளே கணக்கிடுவதற்கும் நேரம் போகிறது. எல்லாம் சேர்ந்து அரை விநாடி ஆவது சாதாரணம்.

இங்கே கவனியுங்கள். அந்தத் தாமதம் எவ்வளவு என்பதைக் கணினி தன்னந்தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. வாக்கியம் வந்த கணம் அதற்குத் தெரியும். வாக்கியம் சொல்லும் நேரம் தெரியும். இரண்டுக்கும் இடையே 0.5 விநாடி வித்தியாசம் இருந்தால், கணினியின் கடிகாரம் முந்துகிறதா, வாக்கியம் பிந்துகிறதா? வெளியிலிருந்து இன்னொரு சாட்சி இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

ஓர் அமைவு எப்போது தேவை என்பதற்கு என் கணக்கில் இதுதான் நல்ல அளவுகோல்: நிரல் தானே அளந்து அறிய முடிந்ததை மனிதனிடம் கேட்கக் கூடாது, அறிய முடியாததைக் கேட்காமல் விடவும் கூடாது.

கூட்டலா கழித்தலா

க்ரோனி என்ற நேர ஒத்திசைவு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் இயங்கும் பல கணினிகளில் இன்று இதுதான் வேலை செய்கிறது. ஆதாரக் கடிகாரத்துக்கான வரியில் 'ஆஃப்செட்' என்று ஓர் அமைவு உண்டு. மாறாத பிழையை ஈடுகட்டும் எண் அது. வாக்கியம் 0.5 விநாடி தாமதமாக வருகிறது என்றால் ஆஃப்செட் 0.5 என்று எழுதுவோம். நிரல் ஒவ்வொரு அளவீட்டிலும் அதைச் சேர்த்துக்கொள்ளும்.

எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால் யாராவது 'தாமதம்தானே, கழிக்க வேண்டும்' என்று நினைத்து முன்னால் கழித்தல் குறியைப் போட்டுவிட்டால்? 0.5 விநாடிப் பிழை மறையாது, 1.0 விநாடியாக இரட்டிப்பாகும். எனவே இத்தகைய அமைவை வடிவமைப்பவர் மூன்று விஷயங்களைக் குறிப்பேட்டில் ஐயமின்றி எழுத வேண்டும்: அலகு விநாடியா மில்லி விநாடியா, கூட்டல் குறி எந்தப் பக்கம் தள்ளும், எழுதாமல் விட்டால் என்ன மதிப்பு. படிவம் நான்கு இயற்பியலில் விசைக்கும் வேகத்துக்கும் திசை குறிக்காமல் விடை எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். காரணம் அங்கும் இங்கும் ஒன்றே.

இப்போது துடிப்புக்கு வருவோம். துடிப்பு துல்லியமானது, ஆனால் ஊமை. 'இதோ ஒரு விநாடி தொடங்கியது' என்பது மட்டுமே அதற்குத் தெரியும், எந்த விநாடி என்பது தெரியாது. ஆகவே க்ரோனியில் துடிப்பை வாக்கியத்தோடு பூட்டிவைக்க 'லாக்' என்ற அமைவு இருக்கிறது. வாக்கியம் எந்த விநாடி என்று சொல்லும், துடிப்பு அதன் சரியான தொடக்கத்தைச் சொல்லும். வாக்கியத்தின் வரியில் 'நோசெலக்ட்' என்றும் எழுதிவைப்பார்கள். இவரிடம் விவரம் மட்டும் கேள், இவர் சொல்லும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தாதே என்று பொருள்.

இந்த இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது. திருத்திய பிறகும் வாக்கியத்தின் நேரம் உண்மையிலிருந்து 0.08 விநாடி விலகி இருந்தால் கவலையில்லை. அருகில் உள்ள துடிப்பு எது என்று நிரலுக்குத் தெளிவாகத் தெரியும், மீதியைத் துடிப்பு சரிசெய்துவிடும். ஆனால் விலகல் அரை விநாடியைத் தாண்டினால் அருகில் இருப்பது பக்கத்து விநாடியின் துடிப்பு. நிரல் அதனுடன் வாக்கியத்தைப் பொருத்தினால் கணினி சரியாக ஒரு முழு விநாடி தவறி நிற்கும். திரையில் பார்த்தால் நடுக்கம் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் இருக்கும். எல்லாம் அழகாகத் தெரியும். ஆட்டமில்லாமல், உறுதியாக, தவறான நேரம். பெரிய பிழையைவிட இத்தகைய ஒழுங்கான பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

துடிப்பிலேயே இன்னொரு கேள்வியும் உண்டு. மின்னழுத்தம் ஏறும் விளிம்பா, இறங்கும் விளிம்பா, விநாடியின் தொடக்கம் எது? பெரும்பாலான ஏற்பிகளில் ஏறும் விளிம்புதான், மென்பொருளும் அதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். நடுவே உள்ள மின்சுற்று துடிப்பைத் தலைகீழாக்கினால் கணக்கு மாறும். துடிப்பின் அகலம் 100 மில்லி விநாடி என்றால் தவறான விளிம்பைப் பிடித்த கணினி அதே 100 மில்லி விநாடி பிந்தும். இதற்கும் ஓர் அமைவு தேவை, ஏனென்றால் எது சரியான விளிம்பு என்பது சாலிடர் செய்தவருக்குத்தான் தெரியும்.

அலைவாங்கியிலிருந்து வரும் கம்பியின் நீளத்தையும் சிலர் ஈடுகட்டுவார்கள். கம்பியில் மின்சைகை மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி எடுக்கும். கூரையிலிருந்து 30 மீட்டர் என்றால் 150 நானோ விநாடி. நிலநடுக்கப் பதிவுக்கு இது தூசு. தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கு அப்படியல்ல. ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் கோபுரங்கள் பொது நேரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோ விநாடிக்குமேல் விலகக் கூடாது என்பது விதி. அந்தச் சிறிய இடத்தில் 0.15 மைக்ரோ விநாடிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெயர் வைப்பதில் உள்ள சங்கடம்

மில்ஸ் பேராசிரியரின் காலத்திலிருந்து வளர்ந்த பழைய மென்பொருளின் பெயர் என்டிபிடி. அதன் அமைவுக் கோப்பைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். ஜி.பி.எஸ். ஏற்பியைக் குறிக்க 127.127.20.0 என்று எழுத வேண்டும். பார்த்தால் இணைய முகவரி போல இருக்கிறது. உண்மையில் அப்படியொரு கணினி எங்கும் இல்லை. 127இல் தொடங்கும் முகவரிகள் கணினி தன்னையே அழைத்துக்கொள்ளப் பயன்படுபவை, வெளியே போகாது. அந்த நிரலில் நேர மூலங்கள் எல்லாமே முகவரியால்தான் அடையாளம் காணப்பட்டன. ஆகவே கம்பியில் இணைந்த கருவிக்கும் ஒரு போலி முகவரி கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் எண் கருவியின் வகை: 20 என்றால் ஜி.பி.எஸ். வாக்கியம், 22 என்றால் துடிப்பு, 28 என்றால் இன்னொரு நிரல் நினைவகத்தில் எழுதிவைக்கும் நேரம். நான்காம் எண், அந்த வகையில் எத்தனையாவது கருவி என்பது.

நிரல் எழுதியவருக்கு இது சாமர்த்தியமான குறுக்குவழி. புதிதாக ஒரு இலக்கணம் தேவைப்படவில்லை. ஆனால் கோப்பைப் படிப்பவர் 20க்கும் 22க்கும் பொருள் தேடி எப்போதும் கையேட்டைப் புரட்ட வேண்டும்.

அடுத்து 'மோட்' என்ற எண். ஏற்பி பல வகை வாக்கியங்களை அனுப்பும். எதைப் படிக்க வேண்டும் என்பதற்கு 1, 2, 4, 8 என்று மதிப்புகள். வேகம் 9,600 என்றால் 16 கூட்ட வேண்டும், 19,200 என்றால் 32. ஆகவே முதல் வகை வாக்கியத்தை 9,600 வேகத்தில் படிக்க மோட் 17. இரும எண் படித்த நீங்கள் இதை உடனே பிரித்துவிடுவீர்கள்: 17 = 16 + 1. ஒரு சின்னப் பயிற்சி: அதே வேகத்தில் முதல் வகையையும் நான்காம் வகையையும் படிக்க என்ன எண்? 16 + 8 + 1, அதாவது 25. கணக்கு வகுப்புக்கு நல்ல விளையாட்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பழுதான சேவையகத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கு 'வேகம் 9600' என்று எழுதியிருந்தால் எவ்வளவோ நலம்.

இதைவிடச் சங்கடமானது 'டைம்1', 'டைம்2', 'ஃபிளாக்1' முதல் 'ஃபிளாக்4' வரையிலான பொதுப் பெயர்கள். எல்லாக் கருவி வகைக்கும் இந்தப் பெயர்களே. பொருள் மட்டும் வகைக்கு வகை மாறும். ஜி.பி.எஸ். வாக்கிய வகையில் டைம்2 என்பது வாக்கியத் தாமதத்தை ஈடுகட்டும் எண். நினைவக வகையில் அதே டைம்2, கணினிக்கும் கருவிக்கும் இடையே எத்தனை விநாடி வித்தியாசம் வரை அனுமதிக்கலாம் என்ற உச்சவரம்பு. ஒன்று திருத்தம், மற்றது தடுப்பு. ஒருவர் பழைய கோப்பிலிருந்து 0.4 என்ற எண்ணை நகலெடுத்து இங்கே ஒட்டினால் அது திருத்தமாக வேலை செய்யாது. இந்த வகை 1க்குக் குறைந்த எண்ணைப் புறக்கணித்துவிட்டுத் தன் இயல்பு மதிப்பான 14,400 விநாடியை, அதாவது 4 மணி நேரத்தை, எடுத்துக்கொள்ளும். நகலெடுத்தவர் தாமதத்தைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

நியாயமாகப் பேசினால், பல டஜன் வகைக் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பது எளிதல்ல. பொதுப் பெயர் இருந்தால் புதுக் கருவிக்கு ஆதரவு சேர்ப்பது சுலபம். பிற்காலத்தில் வந்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2015இல் பழைய நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்த என்டிபிசெக், போலி முகவரிக்குப் பதிலாகக் கருவியின் பெயரையே எழுத வைத்தது, வேகத்துக்கும் தனிச் சொல் தந்தது. ஆனாலும் டைம்1, ஃபிளாக்1 அங்கேயும் தொடர்கின்றன. க்ரோனி தொடக்கத்திலிருந்தே பொருள் சொல்லும் பெயர்களைத் தேர்ந்தெடுத்தது, கருவி வகைகளையும் ஒரு கைவிரல்களுக்குள் அடக்கிக்கொண்டது. ஜி.பி.எஸ். வாக்கியத்தைப் படிக்கும் வேலையையே அது செய்வதில்லை. அதை ஜிபிஎஸ்டி போன்ற வேறொரு நிரலிடம் விட்டுவிடுகிறது. ஓர் அமைவைக் குறைக்க அந்த வேலையையே வேறொருவரிடம் கொடுத்துவிடுவதும் ஒரு வழிதான்.

க்ரோனியிலும் தடுக்கி விழ இடம் உண்டு. 'போல்' என்ற அமைவு எத்தனை விநாடிக்கு ஒரு முறை கடிகாரத்தைத் திருத்துவது என்பதைச் சொல்லும். ஆனால் அந்த எண் இரண்டின் அடுக்கு. போல் 4 என்றால் 4 விநாடி இல்லை, 2 × 2 × 2 × 2 = 16 விநாடி. 64 விநாடி வேண்டும் என்று நினைத்து 64 என்று எழுதினால்? இரண்டின் 64ஆம் அடுக்கு விநாடி என்பது பிரபஞ்சத்தின் வயதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். இத்தகைய எண்ணுக்கு வரம்பு வைப்பதும் வடிவமைப்பாளரின் கடமை.

எவ்வளவு நம்பலாம் என்று உண்மையைச் சொல்

எனக்கு மிகவும் பிடித்த அமைவு 'டிலே'. பெயர் சற்று ஏமாற்றும். இது தாமதத்தைத் திருத்துவதில்லை. இந்தக் கடிகாரம் எவ்வளவு தவறலாம் என்பதை நிரலுக்குச் சொல்கிறது. எழுதிய எண்ணின் பாதியைப் பிழை வரம்பாக நிரல் எடுத்துக்கொள்ளும்.

ஏன் தேவை? நேர மென்பொருள் ஒரே ஒருவரை நம்புவதில்லை. பல மூலங்களிடம் கேட்கும். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தையும் ஒரு பிழை வரம்பையும் தரும். 'சரியான நேரம் இந்த இடைவெளிக்குள்தான்' என்று ஒவ்வொருவரும் ஒரு கோடு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மையினரின் கோடுகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கே உண்மை இருக்கும். அதற்கு வெளியே தனியாக நிற்பவரைப் பொய்க் கடிகாரம் என்று ஒதுக்கிவிடும்.

இப்போது ஓர் ஏற்பியின் வாக்கியத் தாமதம் உண்மையில் 0.58 விநாடி. நாம் 0.5 என்று எழுதியிருக்கிறோம். ஆக அது 80 மில்லி விநாடி பிந்துகிறது. மூன்று இணையச் சேவையகங்கள் 'எங்கள் பிழை 20 மில்லி விநாடிக்குள்' என்கின்றன. க்ரோனியில் டிலேயின் இயல்பு மதிப்பு 1 நானோ விநாடி. அதை மாற்றாமல் விட்டால் நம் ஏற்பி 'என் பிழை அரை நானோ விநாடி' என்று மார்தட்டுவதாகப் பொருள். மற்ற மூவரின் கோடும் இதன் கோடும் சந்திக்காது. ஏற்பி பொய்யர் ஆகிவிடும். சேவையகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒன்றுக்கு ஒன்று, பெரும்பான்மை இல்லை, நிரல் இருவரையும் நம்ப மறுக்கும். டிலே 0.2 என்று எழுதினால் பிழை வரம்பு 100 மில்லி விநாடி ஆகும். கோடுகள் சந்திக்கும், தகராறு தீரும். கடிகாரம் மாறவில்லை. அதன் குறையை ஒப்புக்கொண்டோம், அவ்வளவுதான். அறிவியல் செய்முறை அறிக்கையில் அளவுகோலின் பிழையை '± 0.1 செ.மீ.' என்று எழுதச் சொல்கிறோமே, அதே விஷயம்.

இதே குடும்பத்தில் 'பிரிஃபர்', 'டிரஸ்ட்' என்று இரண்டு அமைவுகள். முன்னது, மற்றவர்களோடு ஒத்துப்போகும்வரை இவருக்கு முன்னுரிமை கொடு என்பது. பின்னது, இவர் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள் என்பது. இரண்டையும் ஒரே அமைவாக்காமல் பிரித்தது நல்ல முடிவு. விருப்பமும் நம்பிக்கையும் வேறு வேறு.

கண்மூடி நம்பினால் என்ன ஆகும்? 2016 ஜனவரி 26 அன்று பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்தபோது, ஜி.பி.எஸ். நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்றும் தரவில் பிழை புகுந்து, சில செயற்கைக்கோள்கள் சுமார் 13 மைக்ரோ விநாடி தவறான திருத்தத்தை ஒலிபரப்பின. மனிதர் யாரும் உணர முடியாத அளவு. ஆனால் பல நாடுகளில் தொலைத்தொடர்புக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின, பி.பி.சி.யின் எண்ணிம வானொலியும் பாதிக்கப்பட்டது. இணையச் சேவையகங்களோடு ஒப்பிட்டு இந்தப் பிழையைப் பிடித்திருக்க முடியாது. அவற்றின் பிழை வரம்பே மில்லி விநாடிக் கணக்கில். இதைப் பிடிக்கப் பக்கத்தில் ருபிடியம் போன்ற இன்னொரு துல்லியக் கடிகாரம் வேண்டும்.

இருபது ஆண்டு பின்னோக்கி

ஜி.பி.எஸ். தேதியை வார எண்ணாகச் சொல்கிறது. 1980 ஜனவரி 6 தொடங்கி எண்ணப்படும் அந்த எண்ணுக்குப் பழைய செய்தி வடிவத்தில் 10 பிட்தான். ஆக 0 முதல் 1,023 வரை. 1,024 வாரம், ஏறத்தாழ 19.6 ஆண்டு முடிந்ததும் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. அடுத்தது 2038 நவம்பரில். இது எத்தனையாவது சுற்று என்பதைச் செயற்கைக்கோள் அந்த எண்ணில் சொல்லாது. ஏற்பியோ மென்பொருளோ ஊகிக்க வேண்டும்.

மேலே சொன்ன ஜிபிஎஸ்டி நிரலின் 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகளில் இந்த ஊகம் பிசகியிருந்தது. 2021 அக்டோபர் 24 வந்ததும் தேதியை 1,024 வாரம் பின்னுக்குத் தள்ளி 2002 மார்ச் என்று சொல்லிவிடும். நல்லவேளை, முன்கூட்டியே கண்டுபிடித்து 3.23இல் சரிசெய்தார்கள், புதுப்பிக்கும்படி எச்சரிக்கையும் வந்தது.

நினைவக வகையின் 4 மணி நேர உச்சவரம்பு எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். 2021இல் இருக்கும் கணினியிடம் 2002 என்று சொன்னால் அது ஏற்காது. இணையச் சேவையகங்களிடமும் என்டிபிடி அப்படித்தான்: வித்தியாசம் 1,000 விநாடியைத் தாண்டினால் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் ராஸ்பெர்ரி பை 4 பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் இரண்டு நாள் கழித்து வந்தால் அது இரண்டு நாள் பழைய நேரத்தோடு விழிக்கும். இப்போது சரியாகச் சொல்வது ஏற்பி, தவறு கணினியுடையது. உச்சவரம்பு சரியானவரை வாசலிலேயே தடுக்கிறது. அதனால்தான் நினைவக வகையில் ஃபிளாக்1 என்பதை 1 ஆக்கினால் அந்தச் சோதனை நீங்கும். நீக்கினால் 2002 பிரச்சினைக்கும் கதவு திறக்கும்.

க்ரோனியின் விடை எனக்கு அழகாகப் படுகிறது. 'மேக்ஸ்டெப் 1 3' என்று எழுதினால், தொடங்கிய பிறகு வரும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், வித்தியாசம் 1 விநாடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தைத் தாவவிடலாம் என்று பொருள். தூக்கத்திலிருந்து எழுந்தவன் கடிகாரத்தைப் பார்த்து ஒரேயடியாகத் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தாவல் கிடையாது, மெல்ல மெல்ல வேகத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டே எண்களில் இரண்டு ஆபத்துக்கும் இடையே ஒரு வழி.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ராஸ்பெர்ரி பையில் துடிப்புக் கம்பியுள்ள ஜி.பி.எஸ். தொகுதி ஒன்றை இணைத்து, க்ரோனியிடம் மூலங்களின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அலைவாங்கி வானத்தைப் பார்க்க வேண்டும், வகுப்பறைக்குள் வைத்தால் சைகை கிடைக்காமல் போகலாம். முதல் முறை இயக்கினால் கால் மணி நேரம் பொறுங்கள். லீப் விநாடித் திருத்தம் உட்பட எல்லாத் தரவையும் செயற்கைக்கோள் ஒரு முறை ஒலிபரப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். அதுவரை சில ஏற்பிகளின் நேரம் சில விநாடிகள் தவறியிருக்கலாம். பட்டியலில் கம்பியில் இணைந்த ஆதாரக் கடிகாரத்தின் முன் '#' குறி இருக்கும், இணையச் சேவையகங்களின் முன் '^' குறி. அடுத்த குறி நட்சத்திரம் என்றால் கணினி இப்போது அதைத்தான் பின்பற்றுகிறது. எக்ஸ் குறி விழுந்திருந்தால் மற்றவர்கள் அதைப் பொய்யர் என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்போது ஏற்பியைக் கழற்றாதீர்கள். ஆஃப்செட்டை மாற்றினால் அந்தக் குறி போகிறதா, டிலேயைக் கூட்டினால் போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஆஃப்செட்டை மாற்றியதே குணப்படுத்தினால் உங்கள் ஏற்பி பெரும்பாலும் மாறாமல் தாமதிக்கிறது என்று கொள்ளலாம்.